விரல் நுனி, தாழ்ந்த சுருதி, பிளாக் சபாத்: எது முதலில் வந்தது?

கல்லூரி குவிஸ் ஒன்றுக்கு ராக் இசைக் கேள்விகள் தயாரிக்கிற ஒருவர் கேட்டிருப்பது இது: "பிளாக் சபாத் ராக் குழுவின் கிட்டாரிஸ்ட் டோனி அயோமி தொழிற்சாலை விபத்தில் விரல் நுனிகளை இழந்தார். அதனால் கம்பிகளைத் தளர்த்திச் சுருதியைக் குறைத்தார். அதிலிருந்துதான் ஹெவி மெட்டல் பிறந்தது. அவர்களுடைய முதல் ஆல்பத்தின் முதல் பாட்டில் ஒரு காலத்தில் சர்ச் தடை செய்திருந்த ஸ்வரம் வருகிறது. இதெல்லாம் உண்மையா, இதை வைத்துக் கேள்வி போடலாமா?" ஒரே மூச்சில் கேட்டுவிட்டார். உண்மையில் இதற்குள் நான்கு கேள்விகள் இருக்கின்றன. விபத்து நடந்ததா? சுருதியைக் குறைத்ததற்கு அதுதான் காரணமா? மெட்டல் பிறந்தது அந்தத் தாழ்ந்த சுருதியிலிருந்தா? சர்ச் தடை என்பது நிஜமா? முதலாவதற்கு சந்தேகமில்லாமல் ஆம். கடைசியானதற்கு ஏறக்குறைய இல்லை. நடுவில் இருக்கிற இரண்டும்தான் சுவாரசியம். இணையத்தில் எல்லோரும் தடுக்கி விழுவதும் அங்கேதான்.

நான் கிட்டார் சொல்லிக் கொடுப்பவன், கூடவே பழுது பார்த்து செட்டப் செய்து தருபவன். கம்பி, இழுவிசை, சுருதி பற்றி நான் சொல்வதை நம்பலாம், அது அன்றாடம் கையில் புழங்குகிற விஷயம். ஐரோப்பிய சர்ச் வரலாறு என் துறை அல்ல. அதில் பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்டதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் விபத்து. 1965, இங்கிலாந்தின் பர்மிங்ஹாம். அயோமிக்கு வயது 17. தகட்டு உலோகத் தொழிற்சாலையில் வெல்டிங் வேலை. ஒரு இசைக்குழுவோடு முழுநேரமாகப் போகப் போகிறோம் என்று வேலையை விட்டாயிற்று, அன்று கடைசி நாள். மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தவர் திரும்பிப் போகாமல் இருந்துவிடப் பார்த்திருக்கிறார். போய் ஒழுங்காக முடித்துவிட்டு வா என்று அனுப்பி வைத்தது அவருடைய அம்மா. அன்றைக்கு பிரஸ் மெஷினை ஓட்டுகிற பெண் வரவில்லை. பழக்கமில்லாத அந்த மெஷினில் இவரை உட்கார வைத்தார்கள். பிரஸ் கையின் மேல் இறங்கியது, இவர் வெடுக்கென்று கையை இழுத்தார், நடுவிரல், மோதிர விரல் இரண்டின் நுனியும் பிய்ந்து வந்துவிட்டன. இத்தனையும் அவரே பேட்டிகளிலும் சுயசரிதையிலும் சொன்னவை.

எந்தக் கை என்பதில் குவிஸ் மாஸ்டர்களே சறுக்குவதைப் பார்த்திருக்கிறேன். கிட்டாரில் கம்பியை அழுத்துவது இடது கை என்பது நம் மனத்தில் ஊறிப் போனதால், அடிபட்டதும் இடது கை என்று எழுதிவிடுகிறார்கள். அயோமி இடதுகைக்காரர். மீட்டுவது இடது கையால், அழுத்துவது வலது கையால். போனது வலது கை விரல் நுனிகள். மீட்டுகிற கையில் பட்டிருந்தால் இந்தக் கதையே வேறு. பிக்கை, அதாவது கம்பியை மீட்டுகிற சின்னத் தகட்டை, பிடிக்கக் கட்டை விரலும் ஆட்காட்டி விரலும் போதும்.

மருத்துவர்கள் வாசிப்பதை மறந்துவிடச் சொன்னார்கள். அப்போது அந்தத் தொழிற்சாலை மேனேஜர் ஜாஸ் கிட்டாரிஸ்ட் ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் இசைத்தட்டு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். ஜாங்கோ 1928இல் கேரவன் வண்டி தீப்பிடித்ததில் இடது கையின் மோதிர விரலும் சுண்டு விரலும் முடங்கிப் போனவர், பிறகு இரண்டே விரல்களால் சோலோ வாசித்தவர். தட்டைக் கேட்ட பிறகுதான் அது யார் என்ன என்பது அயோமிக்குச் சொல்லப்பட்டது. அதன் பிறகு வீட்டில் உட்கார்ந்து விரல் உறை செய்ய ஆரம்பித்தார். பாத்திரம் கழுவுகிற திரவம் வரும் பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி, உருண்டையாக்கி, சூடான சால்டரிங் அயர்னால் விரல் நுழையுமளவு துளை போட்டு, உப்புத்தாள் வைத்துத் தேய்த்து வடிவத்துக்குக் கொண்டுவந்தார். வெறும் பிளாஸ்டிக் கம்பியில் வழுக்கும். அதனால் பழைய ஜாக்கெட் ஒன்றிலிருந்து தோலை வெட்டி மேலே ஒட்டினார். அந்தத் தோலும் தேய்ந்து பதமான பிறகுதான் கம்பியைப் பிடித்தது.

இப்போது கம்பிக்கு வருவோம். உறை போட்ட விரலுக்குத் தொடு உணர்வு கிடையாது. எவ்வளவு அழுத்துகிறோம் என்பது தெரியாது. தேவைக்கு மேல் அழுத்தினால் கம்பி இழுபட்டு ஸ்வரம் மேலே ஏறிவிடும். கம்பி மெலிதாக, தளர்வாக இருந்தால் இந்தத் தொல்லை இன்னும் அதிகம். தளர்ந்த கம்பி என்றால் எல்லாமே சுலபம் என்று நினைக்கிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை. நாம் விரல் தோலால் அளக்கிற அழுத்தத்தை அவர் காதால்தான் அளந்திருக்க வேண்டும். ஆனாலும் தடித்த கம்பி அந்த விரல்களுக்கு ஆகாது, வலி தாங்காது. அன்றைக்குக் கடையில் மெல்லிய எலக்ட்ரிக் கிட்டார் கம்பி செட் கிடைக்கவில்லை. அவர் கண்டுபிடித்த வழி இது: முதல் இரண்டு கம்பிகளுக்கு பாஞ்சோ கம்பி, மற்ற கிட்டார் கம்பிகளை வரிசையாகத் தள்ளிப் போடுவது. ஐந்தாம் கம்பி ஆறாவது இடத்துக்கு வந்துவிடும், தடித்த ஆறாவது கம்பி குப்பைக்கு. பின்னால்தான் ஒரு கம்பி உற்பத்தியாளரைப் பிடித்து மெல்லிய செட்டாகவே செய்து வாங்கிக்கொண்டார்.

இதில் எவ்வளவு பலன் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரே நீளம், ஒரே சுருதி, ஒரே உலோகம் என்றால் கம்பியின் இழுவிசை அதன் விட்டத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதம். பத்தாம் நம்பர் கம்பியை (0.010 அங்குல விட்டம்) எடுத்துவிட்டு எட்டாம் நம்பர் (0.008) போட்டால் இழுவிசை 64 சதவீதத்துக்கு இறங்கும், அதாவது 36 சதவீதம் குறைகிறது. கம்பியை மாற்றாமல் சுருதியை மட்டும் மூன்று அரைச்சுரம் (ஒரு அரைச்சுரம் என்பது கிட்டாரில் ஒரு கட்டம்) குறைத்தால் அதிர்வெண் 84 சதவீதம் ஆகும், இழுவிசை 71 சதவீதம் ஆகும். குறைவது 29 சதவீதம். விரல் வலிக்கு மருந்து என்று பார்த்தால் மெல்லிய கம்பி மட்டுமே பெரும்பகுதி வேலையைச் செய்துவிடுகிறது. சுருதியைத் தொடவே வேண்டியதில்லை.

நடந்ததும் அதுதான். விபத்து 1965இல். முதல் ஆல்பம் "பிளாக் சபாத்" ஒலிப்பதிவானது 1969 அக்டோபரில், லண்டனில் ஒரே நாளில். வெளிவந்தது 1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை. அதே ஆண்டு செப்டம்பரில் "பாரனாய்ட்". இந்த இரண்டு ஆல்பங்களிலும் கிட்டார் சாதாரண ஈ சுருதியில்தான் இருக்கிறது. சுருதி இறங்குவது மூன்றாவது ஆல்பமான "மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி"யில், 1971இல். விபத்துக்கும் சுருதி குறைப்புக்கும் நடுவில் ஆறு வருடம், இரண்டு ஆல்பம். "விரல் போனது, அதனால் சுருதியைக் குறைத்தார், அதனால் மெட்டல் பிறந்தது" என்று வரிசைப்படுத்தினால், "பாரனாய்ட்" ஆல்பத்தில் இருக்கிற "அயர்ன் மேன்", "வார் பிக்ஸ்" பாட்டுகள் இரண்டும் மெட்டல் பிறப்பதற்கு முன்பே வந்துவிட்டன என்றாகிவிடும். அதை யாராவது ஒப்புக்கொள்வார்களா?

நான் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம், வீட்டிலேயே சோதிக்கலாம். ஒரு கிட்டாரை ட்யூனர் வைத்துச் சாதாரண சுருதியில் வையுங்கள். ஆறாவது கம்பியைச் சும்மா தட்டினால் வருவது ஈ, சுமார் 82 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே அந்தக் கிட்டாரில் ஸ்வரமே கிடையாது. "பாரனாய்ட்" பாட்டை ஓடவிட்டுக் கூடவே வாசித்தால் கம்பிகள் அப்படியே சேரும். அடுத்து "மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி"யில் வருகிற "சில்ட்ரன் ஆஃப் த கிரேவ்". ரிஃப் (பாட்டில் திரும்பத் திரும்ப வருகிற கிட்டார் வரி) குதிரை ஓட்டத்தில் வந்து இறங்குகிற அடி ஸ்வரம் உங்கள் கிட்டாரில் எங்கே தேடினாலும் கிடைக்காது. அது சி ஷார்ப், சுமார் 69 ஹெர்ட்ஸ். ஆறு கம்பிகளையும் மூன்று அரைச்சுரம் இறக்கினால்தான் கைக்கு வரும். அதே ஆல்பத்தின் "லார்ட் ஆஃப் திஸ் வேர்ல்ட்", "இன்டு த வாய்ட்" இரண்டும் இதே சுருதிதான். குழுவில் பேஸ் கிட்டார் வாசித்த கீசர் பட்லரும் தன் கம்பிகளைக் கூடவே இறக்கினார். ஒரே ஒரு எச்சரிக்கை: மேடை வீடியோக்களை வைத்து முடிவு கட்டாதீர்கள். பழைய பாட்டுகளையும் பிற்காலத்தில் தாழ்த்தி வாசித்திருக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு "முதல் ஆல்பமே தாழ்ந்த சுருதிதான்" என்று சண்டைக்கு வருகிறவர்கள் நிறைய பேர்.

சரி, 1971இல் ஏன் இறக்கினார்? இங்கேதான் உறுதி கொஞ்சம் தளர்கிறது. கம்பி தளர்ந்தால் விரலுக்குச் சுலபம் என்பது ஒரு காரணம். எல்லோரும் சேர்ந்து இறக்கினால் ஒலி பெரிதாக, கனமாக வரும் என்று செய்த சோதனை அது என்பது இன்னொரு காரணம். இரண்டையுமே அவர் வெவ்வேறு சமயங்களில் சொல்லியிருக்கிறார். ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதை விட முடியாது. என்னைக் கேட்டால், விரலுக்கான வழியை 1960களிலேயே கண்டுபிடித்துவிட்ட ஒருவர் 1971இல் புதிதாக ஒன்றைச் செய்தால் அதில் காதுக்குப் பங்கு கூடுதலாக இருக்கும். ஆனால் இது என் ஊகம், சான்று அல்ல. விரலுக்கு அதில் பங்கே இல்லை என்றும் சொல்லமாட்டேன். இன்றைக்குச் சுருதியை இறக்குகிற மெட்டல் கிட்டாரிஸ்டுகள் என்னிடம் செட்டப்புக்கு வந்தால் முதலில் தடித்த கம்பிதான் கேட்பார்கள். இறக்கிய சுருதியில் கம்பி தொளதொளக்காமல் இறுக்கமாக நிற்க வேண்டும் அவர்களுக்கு. அயோமி மெல்லிய கம்பியை வைத்துக்கொண்டே இறக்கினார். இழுவிசை இரண்டு பக்கமும் குறைந்தது. ஒலி மட்டும் வேண்டுமென்றால் அப்படிச் செய்யத் தேவையில்லை. அந்த ஆல்பத்தில் ஸ்வரங்கள் அகலமாக அசைந்து, கொஞ்சம் சரிந்து வந்து உட்காருகிற குணத்துக்கு இந்தத் தளர்வும் ஒரு காரணம். தடித்த கம்பி போட்டு அதே ரிஃபை வாசித்துப் பாருங்கள், ஸ்வரம் சரியாக வரும், அந்த அசைவு வராது.

கருவியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இதற்கு விபத்தோடு சம்பந்தமே இல்லை. முதல் ஆல்பம் ஒலிப்பதிவுக்கு அயோமி எடுத்துப் போனது ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர். "விக்கட் வேர்ல்ட்" பாட்டு முடிந்ததும் அதன் பிக்கப் (கம்பி அதிர்வை மின்சாரமாக்குகிற பாகம்) செத்துப் போனது. கையில் இருந்த மாற்றுக் கருவி கிப்சன் எஸ்ஜி. அதிலேயே மீதியை முடித்தார், அதற்குப் பிறகு எஸ்ஜிகாரராகவே அறியப்பட்டார். எஸ்ஜியில் கம்பி நீளம் ஸ்ட்ராட்டோகாஸ்டரைவிட முக்கால் அங்குலம் குறைவு, அதே சுருதியில் இழுவிசை சுமார் 6 சதவீதம் குறையும். இதை அவர் திட்டம் போட்டுச் செய்யவில்லை, பிக்கப் போனதால் வந்தது. ஆம்ப்ளிஃபயருக்கு முன்னால் ட்ரெபிள் பூஸ்டர் என்று ஒரு சின்னப் பெட்டி. பெயரைப் பார்த்தால் கீச்சுக் குரலைக் கூட்டுகிற சாதனம். அது ஆம்பின் கழுத்தை நெரிக்கிற நெரிப்பில்தான் அந்த உறுமல் வருகிறது. "முதல் ஆல்பம் ஏன் இவ்வளவு கனமாக இருக்கிறது" என்று யாராவது கேட்டால், சுருதியைவிட இந்தப் பெட்டியையும் ஆம்பையும்தான் முதலில் காட்டுவேன்.

இனி, மெட்டல் பிறந்தது அங்கிருந்தா? இதற்கு அளவுகோல் கிடையாது, வாதம் மட்டும்தான் உண்டு. உடைந்த ஒலியும் (டிஸ்டார்ஷன்) பவர் கார்டும் (இரண்டு மூன்று கம்பிகளைச் சேர்த்து அடிக்கிற எளிய கார்டு) பிளாக் சபாத் கண்டுபிடித்தவை அல்ல. அமெரிக்க கிட்டாரிஸ்ட் லிங்க் ரே 1958லேயே "ரம்பிள்" வாசித்துவிட்டார். 1964இல் கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் சின்ன ஆம்பின் ஸ்பீக்கர் காகிதத்தை பிளேடால் கிழித்து "யூ ரியலி காட் மீ" ஒலியைக் கொண்டுவந்தார். 1968இல் அமெரிக்காவில் ப்ளூ சியர் குழுவினர் காது கிழியும்படி வாசித்துக்கொண்டிருந்தார்கள். லெட் செப்பலின் முதல் ஆல்பம் 1969 ஜனவரியில் வந்தாயிற்று. இவர்கள் எல்லோருக்கும் விரல்கள் முழுசாகத்தான் இருந்தன. பிளாக் சபாத் கொண்டுவந்த புதுமை வேறு: வேகத்தைக் குறைத்தது, ப்ளூஸ் சாயலைக் கழற்றி ஓரமாக வைத்தது, கிட்டாரும் பேஸும் ஒரே ரிஃபை ஒன்றாக வாசித்தது, அதன் மேல் பயத்தையும் போரையும் பேசுகிற வரிகளைப் போட்டது. வரிகள் பெரும்பாலும் பட்லர் எழுதியவை. பேஸுக்கு வருவதற்கு முன் அவர் ரிதம் கிட்டாரிஸ்ட். அதனால்தான் வழக்கமான பேஸ்காரர் போல அடியில் தனியாக நடக்காமல் அயோமியின் ரிஃபையே பிடித்துக்கொண்டு போகிறார். அந்த ஒலியில் பாதி அவருடையது. விரல் கதையையே சொல்லிக்கொண்டிருப்பதில் இவருக்கு அநியாயம் நடக்கிறது என்பது என் பழைய ஆதங்கம்.

விபத்துக்குப் பங்கு உண்டா என்றால், உண்டு. உறை போட்ட விரல்களோடு சிக்கலான பெரிய கார்டுகளைவிட இரண்டு மூன்று கம்பிகளில் அடங்குகிற பவர் கார்டுகள் கைக்கு வரும். அதை வைத்துக் கனம் காட்ட வழி தேட வேண்டியிருந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். ஆனால் விபத்து நடக்காமல் இருந்திருந்தால் என்ன வாசித்திருப்பார் என்பதை யாராலும் சொல்ல முடியாது. பர்மிங்ஹாம் தொழிற்சாலைகளின் சுத்தியல் சத்தம்தான் இந்த இசையானது என்கிற கதையும் இந்த வகைதான். அந்த ஊர் இசைக்காரர்களே அப்படிப் பேசியிருக்கிறார்கள், கேட்க நன்றாக இருக்கிறது, நிரூபிக்க வழியில்லை.

கடைசியாக அந்தத் தடை செய்த ஸ்வரம். "பிளாக் சபாத்" என்ற பாட்டின் ரிஃப் மூன்றே ஸ்வரம்: ஜி, அதன் மேல் ஸ்தாயி ஜி, பிறகு சி ஷார்ப். கர்நாடக இசை கேட்கிறவர்களுக்குச் சுலபமாகச் சொல்லலாம். ஜியை ஷட்ஜமாக வைத்தால் அந்த சி ஷார்ப் பிரதி மத்யமம். ஷட்ஜமத்திலிருந்து ஆறு அரைச்சுரத் தொலைவு. 72 மேளகர்த்தாவில் சரிபாதி, 36, இந்த மத்யமத்தோடு இருக்கிறது. கோயிலில் உட்கார்ந்து கல்யாணி பாடுகிறோம், எந்தப் பிசாசும் வந்ததில்லை. ஐரோப்பியப் பழைய இசை இலக்கணத்தில் இந்த இடைவெளியைத் தவிர்க்கச் சொன்னது நிஜம், பாடக் கஷ்டம், இணைந்து ஒலிக்காது என்பதால். "இசையில் இருக்கிற சாத்தான்" என்று பொருள்படும் லத்தீன் சொற்றொடர் 18ஆம் நூற்றாண்டின் இசை நூல்களில் வருகிறது. 1725இல் வெளியான ஃபூக்ஸின் பாடநூல் அவற்றில் ஒன்று. அது மாணவனுக்குச் சொல்கிற இலக்கண எச்சரிக்கை. இதை வாசித்தால் தண்டனை என்று சர்ச் ஆணை போட்டதாகச் சொல்வதற்கு வரலாற்று ஆதாரம் இல்லை. ரிஃப் எங்கிருந்து வந்தது என்பதற்கு இன்னும் நல்ல கதை உண்டு. பட்லருக்கு ஆங்கில இசையமைப்பாளர் ஹோல்ஸ்ட்டின் "த ப்ளானட்ஸ்" ரொம்பப் பிடிக்கும். அதில் வருகிற "மார்ஸ்" பகுதியை பேஸில் வாசித்துக் கொண்டிருந்தார், அதைக் கேட்டபின் அயோமி இந்த ரிஃபைப் பிடித்தார். "மார்ஸ்" தொடக்கத்திலும் ஜி, டி, டி ஃப்ளாட் என்று இதே தொலைவு வருகிறது. டி ஃப்ளாட்டும் சி ஷார்ப்பும் கிட்டாரில் ஒரே இடம்தான். ராக்கிலேயே இது முதல் முறையும் அல்ல. 1967இல் கிட்டாரிஸ்ட் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் "பர்ப்பிள் ஹேஸ்" பாட்டை இந்த இடைவெளியோடுதான் ஆரம்பிக்கிறார்.

ஆகவே உங்கள் குவிஸுக்கு: "விபத்தில் அயோமி எந்தக் கையின் விரல் நுனிகளை இழந்தார், அது ஏன் முக்கியம்" என்று கேளுங்கள். கூட்டத்தில் பாதி தப்பாகச் சொல்லும். "கிட்டாரின் சுருதியைக் குறைத்து பிளாக் சபாத் ஒலிப்பதிவு செய்த முதல் ஆல்பம் எது" என்பது இரண்டாவது கேள்வி. விடை மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி, 1971. "ஏன் குறைத்தார்" என்பதை மட்டும் கேட்காதீர்கள், இரண்டு விடையும் சரி என்று மேடையிலேயே தகராறு வரும். சர்ச் கேள்வியைத் தூக்கிவிடுங்கள். அந்த இடத்துக்கு இன்னொன்று தருகிறேன்: பாரனாய்ட் ஆல்பத்தின் அட்டையில் வாளும் கேடயமுமாக ஒரு ஆள் மரத்தின் பின்னாலிருந்து பாய்ந்து வருவானே, தலைப்புக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? ஆல்பத்துக்கு முதலில் வைத்த பெயர் "வார் பிக்ஸ்", அட்டைப் படம் அந்தப் பெயருக்காக எடுத்தது. ஆல்பத்தில் கொஞ்சம் இடம் மிச்சம் இருக்கிறது என்று கடைசி நேரத்தில் அவசரமாகப் போட்ட "பாரனாய்ட்" பாட்டு பிரிட்டனில் நான்காம் இடம் வரைக்கும் போனது. கம்பெனி ஆல்பத்துக்கும் அந்தப் பெயரையே வைத்தது, படத்தை மாற்றவில்லை.